கப்பலில் எந்தத் துறை, எந்தப் படி? மலையகத்திலிருந்து குரூஸ் கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, கப்பல்ல ஏதாவது ஒரு வேலை கிடைச்சா போதும்." ஹட்டனில் என்னிடம் விண்ணப்பப் படிவத்தோடு வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த 'ஏதாவது'தான் சிக்கல். குரூஸ் கப்பலில் உள்ள வேலைகள் ஒவ்வொன்றுக்கும் வேறு பயிற்சி, வேறு மெடிக்கல் விதி, வேறு சம்பள முறை. எந்தத் துறை என்று முடிவெடுக்காமல் காசு கட்டிவிட்டு, பிறகு அந்தச் சான்றிதழ் உதவாது என்று தெரிந்து வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் ஆறு ஒப்பந்தம் முடித்தவன். முதலாவது பாத்திரம் கழுவும் இடத்தில், கடைசி இரண்டும் ரெஸ்டூரண்டில் வெயிட்டராக. கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள். 3ஆம் படியை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடலாம், ஏனென்றால் அதற்குத்தான் அதிக காலம் எடுக்கும்.

1. மூன்று பெரிய துறைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் விளங்கும். பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை இருக்கிறதல்லவா? மலையில் கொழுந்து எடுப்பவருக்கு ஒரு மேலாள், ஸ்டோரில் வேலை செய்பவருக்கு இன்னொருவர். கப்பலிலும் அப்படித்தான். எல்லோருக்கும் மேலே கேப்டன். அவருக்குக் கீழே டெக், எஞ்சின், ஹோட்டல் என்று மூன்று துறைகள்.

டெக் துறையின் வேலை கப்பலை ஓட்டுவதும் பாதுகாப்பும். கேப்டனுக்கு அடுத்தவர் ஸ்டாஃப் கேப்டன். பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், நிற்கும் அதிகாரிகள் பல வருடம் கடல்சார் படிப்பும் கடல் அனுபவமும் முடித்து, தகுதிச் சான்றிதழ் பெற்றவர்கள். அவர்களுக்குக் கீழே மாலுமிகளை வேலை வாங்குபவர் போசன். அவரிடம் ஏபி, ஓஎஸ் என்று அழைக்கப்படும் மாலுமிகள் கயிறு கட்டுவது, பெயின்ட் அடிப்பது, உயிர்காப்புப் படகுகளைப் பராமரிப்பது போன்றவற்றைச் செய்வார்கள். இந்தத் துறையில் ஆட்கள் குறைவு, அதனால் குரூஸ் கப்பல்களில் இடமும் குறைவு.

எஞ்சின் துறைக்குத் தலைவர் சீஃப் எஞ்சினியர். எஞ்சினியர்கள், எலெக்ட்ரீஷியன்கள், ஃபிட்டர், மோட்டர்மேன், வைப்பர் ஆகியோர் இங்கே. இதில் நம்மவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. மிதக்கும் ஊர் மாதிரியான கப்பலுக்கு ஏசி மெக்கானிக், பிளம்பர், வெல்டர், தச்சர் எல்லோரும் வேண்டும். தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இருந்தவர், கையில் என்விகியூ சான்றிதழையும் வைத்துக்கொண்டு, தட்டுக் கழுவும் வேலைக்கு விண்ணப்பிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்காது. கைத்தொழில் தெரிந்தவர்கள் முதலில் இந்தத் துறையில் விசாரியுங்கள்.

ஹோட்டல் துறைதான் மிகப் பெரியது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் பணியாளர்கள் மட்டும் சுமார் 2,350 பேர். அப்படிப்பட்ட கப்பலில் மிகப் பெரும் பகுதியினர் ஹோட்டல் துறைக்காரர்கள்தான். தலைவர் ஹோட்டல் டைரக்டர். அவருக்குக் கீழே பல பிரிவுகள்.

கேலி என்பது சமையலறை. எக்ஸிகியூட்டிவ் செஃப், சூ செஃப், செஃப் த பார்ட்டி, டெமி செஃப், கொமி (உதவிச் சமையல்காரர்) என்று வரிசை இறங்கும். கடைசிப் படி கேலி யூட்டிலிட்டி, அதாவது பாத்திரம், தரை, குப்பை. சாமான் அறையைப் பார்ப்பவர் புரவிஷன் மாஸ்டர்.

ரெஸ்டூரண்டில் மேலே மேத்ர டி, பிறகு ஹெட் வெயிட்டர், வெயிட்டர், அசிஸ்டன்ட் வெயிட்டர். பஃபே பகுதிக்குத் தனி ஆட்கள். பாருக்குத் தனி மேனேஜர், பார்டெண்டர், பார் சர்வர், பார் யூட்டிலிட்டி.

ஹவுஸ்கீப்பிங்கில் பயணிகளின் அறைகளைப் பார்ப்பவர் கேபின் ஸ்டூவர்ட். சில கம்பனிகள் ஸ்டேட்ரூம் அட்டெண்டன்ட் என்று சொல்லும். பொது இடங்களைச் சுத்தம் செய்பவர்கள், லாண்டரிக்காரர்கள், நீச்சல் குளத்தடியில் துவாய் கொடுப்பவர்கள் எல்லோரும் இதே பிரிவுதான்.

மற்றவை சின்னப் பிரிவுகள்: கெஸ்ட் சர்விஸ், கணக்கு, பணியாளர் அலுவலகம், குரூஸ் டைரக்டரின் கீழ் வரும் பொழுதுபோக்குப் பிரிவு, மருத்துவப் பிரிவு. ஸ்பா, கடைகள் போன்றவற்றைப் பல கப்பல்களில் வெளிக் கம்பனிகள் ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. அந்த வேலை வேண்டுமென்றால் அந்தக் கம்பனிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அழகுக்கலை படித்த தங்கச்சிமார் கப்பல் கம்பனிக்கே திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று சோர்ந்துபோவது இதனால்தான்.

2. எந்தப் படியில் ஏறுவது என்று தீர்மானியுங்கள்

"யூட்டிலிட்டியாப் போங்க, ஏறினதும் மாறிக்கலாம்" என்று சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும், அங்கே காலியிடமும் இருக்க வேண்டும். முதல் ஒப்பந்தத்தில் அது நடப்பது அரிது. எனக்கு மூன்றாவது ஒப்பந்தத்தில்தான் கிடைத்தது, அதுவும் ஓய்வு நேரத்தில் பஃபேயில் நின்று வேலை பழகிய பிறகு.

அதனால் உங்களுக்குத் தகுதியுள்ள மிக உயர்ந்த படிக்கே விண்ணப்பியுங்கள். பண்டாரவளையிலோ கண்டியிலோ இருக்கும் அரசாங்க ஹோட்டல் பள்ளியில் சமையல் படித்து, நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் இரண்டு வருடம் நின்றவர் கொமிக்குத்தான் போட வேண்டும். இரண்டு மாதம் கூடக் காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. கப்பலில் அந்த ஒரு படியை ஏறுவதற்கு இரண்டு வருடம் போய்விடும்.

சாதாரண தரம் வரை படித்து, ஆங்கிலம் தடுமாறுபவருக்கு யூட்டிலிட்டி, லாண்டரி, பொது இடச் சுத்தம் ஆகியவை சரியான வாசல். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அதில் இருக்கும் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். லாண்டரி கப்பலின் அடித்தட்டில் இருக்கும், ஜன்னல் இருக்காது, சூடு அதிகம். கேபின் ஸ்டூவர்டுக்கு நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் வேலை, முதுகு வாங்கும். ரெஸ்டூரண்டில் காலை, மதியம், இரவு என்று வேலை துண்டு துண்டாக விழும், நடுவில் இரண்டு மணி நேரம் படுத்து எழும்பப் பழக வேண்டும்.

சம்பளத்தையும் பிரிவு பார்த்துத்தான் விளங்க வேண்டும். யூட்டிலிட்டிக்கும் லாண்டரிக்கும் பெரும்பாலும் நிலையான தொகை. வெயிட்டருக்கும் கேபின் ஸ்டூவர்டுக்கும் அடிப்படைச் சம்பளத்தோடு பயணிகள் தரும் டிப்ஸ் பங்கும் சேரும். ஒரே கப்பலில் இருக்கும் இரண்டு பேரின் வருமானத்தை ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டால் கணக்குத் தப்பும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது தங்குமிடத்தைப் பற்றி. சாதாரணமாக இரண்டு பேருக்கு ஓர் அறை, பெண்களோடு பெண்கள்தான். ஹவுஸ்கீப்பிங், கேலி, கெஸ்ட் சர்விஸ், சிறுவர் பராமரிப்பு எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

3. எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

மலையகத்தில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். பிறப்புச் சான்றிதழில் செல்வகுமார், பள்ளிக்கூடச் சான்றிதழில் செல்வகுமாரன், அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால். ஊரில் இதை யாரும் கவனிப்பதில்லை. விசா அதிகாரி கவனிப்பார்.

முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு அடையாள அட்டை, கடைசியாகப் பாஸ்போர்ட் என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைப் பார்த்துத்தான் வழங்கப்படுகிறது. பாஸ்போர்ட்டை அவசரமாக எடுத்துவிட்டுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தினால் பாஸ்போர்ட்டை மறுபடி எடுக்க வேண்டிவரும். பிறப்புப் பதிவில் திருத்தம் செய்யும் வழியை உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சின்ன எழுத்துப் பிழைக்குச் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி போதும் என்று நினைத்துப் போய் திரும்பி வந்தவர்கள் உண்டு. முடிந்தவரை மூலப் பதிவையே திருத்துங்கள்.

பாஸ்போர்ட்டுக்குப் பத்தரமுல்லை வரை போக வேண்டியதில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் முகவரி. லயத்து வீட்டுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபிசில் கிடந்து, யாராவது கொண்டுவந்து தரும்போது திகதி போய்விடும். டவுனில் நம்பிக்கையான ஒருவரின் கடை முகவரியையும் நீங்கள் தினமும் பார்க்கும் ஈமெயிலையும் கொடுங்கள். தொலைபேசி எண்ணை நடுவில் மாற்றாதீர்கள்.

4. பயிற்சிக்குக் காசு கட்டும் முன் உடம்பைச் சோதியுங்கள்

கப்பல் மெடிக்கலில் கண், காது, இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, போதைப்பொருள் சோதனை எல்லாம் இருக்கும். டெக்குக்கும் எஞ்சினுக்கும் நிறம் பிரித்தறியும் கண் கட்டாயம். சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்துக் கப்பல் ஓட்டுகிறார்கள், நிறம் பார்த்து வயரைப் பிடிக்கிறார்கள். நிறக்குருடு இருப்பது பலருக்குச் சோதிக்கும்வரை தெரியாது. ஒரு தம்பி மாலுமிப் பயிற்சியை முழுவதும் முடித்துவிட்டு மெடிக்கலில் இதனால் நின்றான். வட்டிக்கு எடுத்த காசு. சாதாரண கண் டாக்டரிடம் முதலே ஒரு சோதனை செய்திருந்தால் ஹோட்டல் பக்கம் போயிருப்பான்.

சூத்தைப் பல், இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹெர்னியா ஆகியவற்றையும் முன்கூட்டியே பாருங்கள். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை, ஆனால் நேரம் வேண்டும். கடலோடிகளின் மெடிக்கல் சான்றிதழ் அதிகபட்சம் 2 வருடம்தான் செல்லும். ஆகவே அதிகாரபூர்வ மெடிக்கலை ஏஜென்சி சொல்லும்போது, அவர்கள் காட்டும் டாக்டரிடமே எடுங்கள். இப்போது செய்வது உங்களுக்காக மட்டும்.

சில கடல்வழிகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்பார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லுபடியாகும். விமானத்துக்கு முதல் நாள் போய் ஊசி போட்டு வேலையில்லை.

5. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள்

எந்தத் துறையானாலும் இது வேண்டும். எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி நான்கு பாடங்கள்: கடலில் உயிர் தப்புவது, தீத்தடுப்பும் தீயணைப்பும், ஆரம்ப முதலுதவி, சொந்தப் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும். இவற்றோடு கப்பல் பாதுகாப்பு பற்றிய சிறு பயிற்சியும், பயணிகள் கப்பல் என்பதால் கூட்டத்தை வழிநடத்தும் பயிற்சியும் சேரும். சில கம்பனிகள் இவற்றில் சிலதைக் கப்பலிலேயே கொடுக்கும். எதை இங்கே முடிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

நிலையத்தில் சேரும்முன் அது இலங்கையின் வணிகக் கப்பல் செயலகத்தால் அங்கீகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத இடத்தின் சான்றிதழ் எவ்வளவு அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தாலும் சீமன் புக் எடுக்க உதவாது. கப்பல் சேவையைப் பதியும் அந்தப் புத்தகத்தை வழங்குவதும் இதே செயலகம்தான், கொழும்பில். பயிற்சிச் சான்றிதழ்களைக் கேட்பார்கள் என்பதால் பயிற்சி முடிந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பயப்படுவது தண்ணீருக்கு. உயிர்காப்புப் பயிற்சியில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து குளத்துக்குள் குதிக்க வேண்டும், கவிழ்ந்த மிதவையைத் திருப்ப வேண்டும். ஓட்டப் பந்தய வீரன் போல நீந்தத் தேவையில்லை, ஆனால் முகம் நனைந்தால் பதறக்கூடாது. போகும்முன் ஆசிரியர் உள்ள நீச்சல் குளத்தில் பத்து நாள் பழகுங்கள். காசல்ரீயிலோ மவுசாகலையிலோ நண்பர்களோடு இறங்கிப் பழகவே வேண்டாம். நீர்த்தேக்கத்தில் குளிர், சேறு, திடீர் ஆழம் மூன்றும் இருக்கின்றன. எத்தனை பிள்ளைகளை நாம் அங்கே இழந்திருக்கிறோம்.

6. ஏஜென்சியைச் சோதித்த பிறகே பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்

கடலோடிகளை அனுப்பும் ஏஜென்சிக்கு வணிகக் கப்பல் செயலகத்தின் அனுமதி இருக்கிறதா என்று அந்தச் செயலகத்திலேயே கேளுங்கள். ஏஜென்சிச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும் பத்திரம் போதாது.

அடுத்தது காசு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் இணைந்தது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் எடுக்கக்கூடாது. மெடிக்கல் சான்றிதழ், சீமன் புக், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு உங்களுடையதாக இருக்கலாம். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. "சீட்டுப் பிடிக்க", "லைனில் பேர் போட" என்று பணம் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். அம்மாவின் ஈபிஎஃப் பணமும் அக்காவின் தாலிக்கொடியும் இப்படித்தான் போகின்றன.

வயதையும் கேளுங்கள். பல கம்பனிகள் 21 வயதுக்குக் குறைந்தவர்களை எடுப்பதில்லை. பத்தொன்பது வயதில் வருபவர்களுக்கு நான் சொல்வது, அந்த இரண்டு வருடத்தை நல்ல ஹோட்டலில் கழியுங்கள் என்றுதான்.

7. நேர்முகத்தில் துறையின் மொழியில் பேசுங்கள்

கேட்பவர் சோதிப்பது இரண்டு விஷயம்: வேலை தெரியுமா, ஆங்கிலத்தில் விளக்க முடியுமா. அசிஸ்டன்ட் வெயிட்டருக்கு ட்ரே பிடிப்பது, தட்டு எடுப்பது, ஒவ்வாமை உள்ள பயணியிடம் என்ன கேட்பது. கொமிக்கு அடிப்படை சாஸ்கள், வெட்டும் பலகைகளின் நிறம், வெப்பநிலை. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் திடீரென ஏறிச் சோதிப்பார்கள். குளிர் உணவு 5 பாகை செல்சியஸுக்குக் கீழே, சூடான உணவு 57 பாகைக்கு மேலே இருக்க வேண்டும். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் கப்பல் தோல்வி. இந்த இலக்கங்களைச் சொன்ன பையனைப் பார்த்து நேர்முகம் எடுத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் அறிவேன்.

மனப்பாடம் செய்த 'அபவுட் மைசெல்ஃப்' வேண்டாம். ஒரு வேலை நாளை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். தப்பாக வந்தாலும் நிறுத்தாமல் சொல்லுங்கள்.

தேர்வானால் அமெரிக்க வழிக் கப்பலுக்கு சி1/டி என்ற கப்பல் பணியாளர் விசா வேண்டும். கொழும்புத் தூதரகத்தில் நேர்முகம் உண்டு. எந்தக் கப்பல், என்ன பதவி, எத்தனை மாதம், யார் அனுப்புகிறார் என்ற நான்குக்கும் உங்கள் கடிதத்தில் உள்ளதையே சொல்லுங்கள்.

8. ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள்

ஒரு நாள் அவகாசம் கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலம் தெரிந்த டீச்சரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள்.

பார்க்க வேண்டியவை: பதவியின் சரியான பெயர், அடிப்படைச் சம்பளம், டிப்ஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எத்தனை மாதம், வீட்டுக்கு வரும் டிக்கெட் யார் பொறுப்பு. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது. அதற்காக முன்பணம் எடுக்க முடியாது. வேலை நேரம் 24 மணியில் 14ஐயும், 7 நாளில் 72ஐயும் தாண்டக்கூடாது என்பது ஒரு அளவு. குறைந்தது 10 மணி நேர ஓய்வு, 7 நாளில் 77 மணி என்பது இன்னொரு அளவு. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு இந்த இரண்டில் ஒன்றை எடுத்திருக்கும். பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற கொடிகளைத்தான் அதிகம் காண்பீர்கள்.

பேசிய பதவியும் எழுதிய பதவியும் வேறாக இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். ஏறிய பிறகு அதைத் திருத்துவது மிகக் கஷ்டம்.

9. ஏறிய முதல் வாரம்: இரண்டு வேலைகள் உங்களுக்கு

ஒன்று உங்கள் பிரிவு வேலை. மற்றது அவசரகால வேலை. ஏறிய அன்றே ஒரு அவசரகால எண் உள்ள அட்டை தருவார்கள். பிரிவில் நீங்கள் லாண்டரிக்காரராக இருக்கலாம், அவசரத்தில் மாடிப்படியில் நின்று பயணிகளுக்கு வழிகாட்டுபவராக இருப்பீர்கள். அப்போது உங்கள் மேலாள் லாண்டரி மாஸ்டர் அல்ல, அந்த இடத்துக்குப் பொறுப்பான ஆள். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

விடியற்காலைப் பெரட்டுக்களம் நமக்குத் தெரியும். கப்பலில் அதற்கு மஸ்டர் என்று பெயர். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் உங்கள் மஸ்டர் இடத்துக்குப் போக வேண்டும். பயணிகள் கப்பலில் பயிற்சி ஒத்திகை வாரா வாரம் நடக்கும். முதல் இரண்டு நாளில் உங்கள் அறையிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் மூன்று தடவை நடந்து பாருங்கள். புகை வந்தால் லிஃப்ட் கிடையாது. முன்பக்கம் பார்த்து நின்றால் இடது போர்ட், வலது ஸ்டார்போர்ட். இதைக் குழப்பினால் கப்பலின் மறுபக்கத்தில் நிற்பீர்கள்.

தலைச்சுற்றுக்குப் பயப்பட வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்காதவர்கூடக் கடலில் எடுப்பார். காலியான வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள், பாணும் பச்சை ஆப்பிளும் நல்லது. தாங்க முடியாவிட்டால் மருத்துவப் பிரிவில் சொல்லுங்கள். வயிற்றோட்டத்தை மட்டும் மறைக்கவே கூடாது. கப்பலில் அது ஒருவரிடமிருந்து நூறு பேருக்குப் பரவும். மறைத்தது தெரிந்தால் வேலை போகும்.

பிரச்சினை வந்தால் வரிசைப்படி போங்கள்: உங்கள் சூப்பர்வைசர், பிரிவுத் தலைவர், பணியாளர் அலுவலகம். நேராக மேலே போனால் நடுவில் இருப்பவர்கள் கதவை மூடிவிடுவார்கள். ஆனால் கை வைப்பது, பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு இந்த வரிசை பார்க்க வேண்டாம். நேராகப் பணியாளர் அலுவலகத்துக்கோ செக்யூரிட்டிக்கோ போங்கள். முறைப்பாடு செய்ததற்காக யாரையும் பழிவாங்கக்கூடாது என்பதும் விதிதான்.

வேலை நேரத்தைச் சொந்தமாக ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள். தோட்டத்தில் செக்ரோலில் பேர் விழுந்ததா என்று அம்மா தினமும் கேட்டு வருவாரே, அதே கவனம்.

10. இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

பதவி உயர்வு வேண்டுமென்றால் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதத்துக்கு முன்பே பிரிவுத் தலைவரிடம் கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மதிப்பீட்டு அறிக்கை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

சீமன் புக்கில் ஏறிய திகதி, இறங்கிய திகதி, பதவி, கப்பலின் முத்திரை நான்கும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பணியாளர் அலுவலகத்திலேயே நின்று பாருங்கள். கேங்வே என்ற இறங்கும் பாலத்தைத் தாண்டிய பிறகு பிழையைத் திருத்த ஹட்டனிலிருந்து மாதக்கணக்கில் ஈமெயில் அனுப்ப வேண்டிவரும். மீண்டும் ஏறும் திகதியைக் கடிதமாகக் கேளுங்கள். உங்கள் மெடிக்கல், பயிற்சிச் சான்றிதழ்கள், விசா மூன்றும் அந்தத் திகதிக்குப் பிறகு எவ்வளவு காலம் செல்லும் என்று விமானத்தில் உட்கார்ந்தே கணக்குப் பாருங்கள். உயிர்காப்பு, தீயணைப்புப் பாடங்களை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விடுமுறையின் முதல் வாரத்திலேயே அதற்குத் திகதி எடுத்துவிடுங்கள்.